நாற்காலி நிற்கும் புள்ளி

சத்தியம். நெல்லையப்பர் மேல் ஆணை, காந்திமதி அம்மன் மேல் ஆணை, காலமெல்லாம் சாக்பீஸ் பிடித்துத் தோல் வெளிறிப்போன இந்த வலது கை மேல் ஆணை, நான் சொல்வதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. அடித்துச் சொல்கிறேன், தொண்டை கிழியக் கத்திச் சொல்கிறேன், கத்துவது மனசுக்குள்தான், உள்ளறையில் வடிவு இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள், வெளியே கத்தினால் எழுந்துவிடுவாள், அவள் எழுந்தால் வலியும் கூடவே எழுந்துவிடும். குற்றாலிங்கம் வாத்தியார் சத்தியம் பண்ணினால் பாளையங்கோட்டையில் ஆளாளுக்குச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள், அது எனக்குத் தெரியாததா. மணிமுத்தாறு அணையில் நான் ஒரு கூழாங்கல்லைப் போட்டேன், அந்த வளையம் அக்கரைக்குப் போய் முட்டித் திரும்பிவந்து என் வேட்டிக் கரையை நனைக்க மூன்று நாளாயிற்று, அதுவரை அன்ன ஆகாரம் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று எங்கள் கல்யாணப் பந்தியில் சொன்னவன் நான். பந்தி முழுக்கச் சிரித்தது. வடிவு மட்டும் சிரிக்கவில்லை. என் தாய்மாமன் மகள், பாவாடை கட்டின நாளிலிருந்து என் பொய்களைக் கேட்டு வளர்ந்தவள், இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே “பொறவு?” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். பொய் என்று ஒருநாளும் சொன்னது கிடையாது. பொறவு? பொறவு என்ன, நாலாவது நாள் வளையத்தோடு ஒரு மீனும் வந்தது என்றேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் பிழைத்தேன். இப்போது சாப்பாடு முடிந்த மத்தியானம், தெருவில் ஐஸ்காரன்கூடப் போகாத நேரம், ஹாலில் பிரம்பு நாற்காலியில் நான், உள்ளறையில் இரும்புக் கட்டிலில் அவள், நடுவில் ஒரு நடை, ஒரு திருப்பம், பாதி சாத்திய கதவு. ஆனால் அவள் மூச்சு என் காதுமடலில் படுகிற மாதிரிக் கேட்கிறது. எச்சில் விழுங்குவது கேட்கிறது. புரளும்போது அவள் மோதிரம் கட்டில் கம்பியில் இடிக்கிற ‘ணிங்’ கேட்கிறது. டாக்டர் செல்வின் போன வாரம் எங்கள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, இனி ஆஸ்பத்திரி வேண்டாம் சார், வீட்டிலேயே வச்சுப் பாத்துக்கோங்க, மழைக்காலம் தாண்டுறது கஷ்டம் என்றார். வடிவுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. என் மிச்சக் காலத்துக்கு எனக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான், அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது. பொய் சொல்லவே பிறந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உண்டா?

இந்த நாற்காலி சும்மா இங்கே கிடக்கவில்லை. இந்த வீட்டைக் கட்டின கான்ட்ராக்டர் எந்த ஊரிலோ வட்டமான ஹால் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, மேற்குச் சுவரை வில் மாதிரி வளைத்துவிட்டார். பீரோ ஒட்டாது, காலண்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். குடிவந்த அன்றே வடிவு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள், “நேராச் சொவரு கட்டத் தெரியாதவன் கட்டுன வீட்ட, நேராப் பேசத் தெரியாதவரு வாங்கியிருக்காரு, நல்ல ஜோடி.” அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவருவதற்கு முதல் நாள் அந்த வளைந்த சுவர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ராத்திரி பகல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுவாள், என்ன அத்தான் காவலா காக்கீய என்பாள். தள்ளி உட்கார வேண்டும், ஆனால் முனகினால் கேட்க வேண்டும். அலாரம் டைம்பீஸை அவள் தலையணையில், அவள் வாய் வருகிற இடத்தில் வைத்தேன். ஹாலுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பின்பக்கத்தோடு நாற்காலியையும் தூக்கித் தூக்கி வைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். காலையும் மாலையும் வேலைக்கு வருகிற எஸ்தர் வாசல்படியில் செருப்பைக் கழற்றினவள் அப்படியே நின்றுவிட்டாள். “சார், நாக்காலிக்குப் பேன் பாக்கீங்களா?” என்றாள். “பேசாத புள்ள, தேடிட்டு இருக்கேன்” என்றேன். ஒரு இடத்தில் டிக் டிக் என்பது நூல் மாதிரி வந்தது, இன்னும் ஒரு நகர்வு, சட்டென்று டைம்பீஸ் என் மடியில் இருக்கிற மாதிரி. அந்தச் சுவர் கைகுவித்து எடுத்துவந்து என் காதில் ஊற்றியது. அரை அடி தள்ளினால் ஒன்றுமில்லை. நாற்காலியின் நாலு காலையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். எஸ்தர் கூட்டும்போது அதை அழிக்காமல் கூட்டுகிறாள், பூஜை செய்த இடம் மாதிரி.

கிரீன் என்று ஒருவர், காலேஜ் பிசிக்ஸ் வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்தின கணக்குக்காரர். மாவு மில்காரர் மகன், தானும் மில் ஓட்டினவர், அது நிஜம். மில் பெல்ட் அறுந்து சுவரில் அடித்த சத்தத்தில்தான் அவருக்கு யோசனை தோன்றியது என்று வகுப்பில் நான் சொன்னது என் சொந்தச் சரக்கு. அவர் பெயரில் இருக்கிற கணக்குச் சார்பு ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது. இந்தப் புள்ளியில் ஒரே ஒரு தட்டு, ஊசிமுனை இடத்தில், தொடங்கினதும் முடிந்துவிடுகிற தட்டு; அப்போது அந்தப் புள்ளியில் என்ன கேட்கும்? அது தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் கூட்டல். இடி என்பது ஏகப்பட்ட தட்டு, நாதஸ்வரம் என்பது ஏகப்பட்ட தட்டு, பெண்டாட்டி வசவும் அப்படியே, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டு, கூட்டிக்கொள். ஆனால் இரண்டு புள்ளி வேண்டும், கரும்பலகை அதிரச் சொல்வேன், எங்கே தட்டுகிறாய், எங்கே நின்று கேட்கிறாய், இரண்டையும் சொல்லாமல் என்னிடம் விடை கேட்காதே, வெளியே அனுப்பிவிடுவேன். தட்டின புள்ளியிலேயே போய் நின்று கேட்டால்? அங்கே கணக்கு வெடித்துவிடும், முடிவிலி என்று கையை விரித்துவிடும். எல்லா இடத்துக்கும் விடை உண்டு, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் இல்லை. வடிவின் விலாவுக்குக் கீழே டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினாரே, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் பல்லைக் கடிப்பது தெரியும், போர்வையைப் பிடித்து முறுக்குவது தெரியும், இங்கே இந்தப் புள்ளிக்கு வந்துசேர்கிற அளவு மட்டும் தெரியும். அந்தப் புள்ளியில் அவள் மட்டும் இருக்கிறாள்.

மூச்சு ஒரே சீராக வருகிறது. தூங்குகிறாள். தூங்குவதற்கு முன் ரசஞ்சோறு நாலு வாய், ஐந்தாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள். “டாக்டரு காலம்பற என்ன சொன்னாரு அத்தான்?” என்று கேட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன், நல்ல பொய்க்கு இரண்டு கையும் வேண்டும். “என்ன சொன்னாரா? ஏட்டி, உன் ரத்தத்தைக் கண்ணாடிக்கடியில வச்சுப் பாத்துட்டு மனுசன் எந்திரிச்சு நின்னு கை தட்டிட்டாரு. நர்சு எல்லாத்தையும் கூப்பிட்டாரு. வாங்க, வந்து பாருங்க, இந்தம்மா ரத்தத்துல சிவப்பணு எல்லாம் பரேடு போகுது, லெப்ட் ரைட் லெப்ட் ரைட்னு.” அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கண்ணுக்கடியில் கருப்பு, கன்னத்து எலும்பு மேலே வந்துவிட்டது, மூக்குத்தி மட்டும் பழைய அளவில் இருக்கிறது, முகம்தான் அதைவிட்டுச் சிறுத்துப்போயிற்று. “பொறவு?” என்றாள். “பொறவு என்ன, தைப்பூசத்துக்கு நீ குறுக்குத்துறை முருகனப் பாக்க நடந்தே போவேன்னுட்டாரு. ஆட்டோ வச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்னுட்டாரு.” “அந்த வெயில்லயா நடக்கச் சொல்லுதாரு?” “தை மாசத்துல என்னட்டி வெயிலு.” “ஆமா” என்றாள், “தை மாசம்லா.” அப்படிச் சொல்லிவிட்டு என் கையைத் தடவினாள், குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டுத் தடவுகிற மாதிரி. ஊட்டினவன் நான். அது ஏன் என்று அப்போது தோன்றவில்லை, இப்போது ஏன் தோன்றுகிறது, விடு. என் பொய்யை நினைத்து எனக்கே கொஞ்சம் கர்வம்தான். சிவப்பணு பரேடு. இதெல்லாம் தானாக வருவது.

கணக்கே பொய் சொல்லுமே. சுவர் வந்துவிட்டால் சமன்பாடு முரண்டு பிடிக்கும், விளிம்பில் என்ன ஆகிறது என்று உயிரை எடுக்கும். அதற்கு ஒரு தந்திரம். சுவரை எடுத்துவிடு, சுவருக்கு அந்தப் பக்கம், இல்லாத இடத்தில், இல்லாத ஒரு மூலத்தை, அதாவது தட்டு கிளம்புகிற புள்ளியை, வை, இந்தப் பக்கம் நிஜ மூலம் எவ்வளவு தூரமோ அவ்வளவே தூரத்தில், கண்ணாடி பிம்பம் மாதிரி. அந்தப் பொய் மூலத்திலிருந்தும் அலை வருகிறதென்று எழுது. அறைக்குள்ளே விடை அப்பழுக்கில்லாமல் சரியாக வரும். அறைக்கு வெளியே போய்ப் பார்த்தால்தான் அது பொய். நாம் ஏன் வெளியே போகிறோம்? இதைச் சொல்லும்போது வகுப்பில் எனக்கு உற்சாகம் தாங்காது, பாத்தீங்களாடா, ஒழுங்கான இடத்துல வச்ச பொய்யி உள்ளதெல்லாத்தையும் நேராக்கிரும் என்பேன். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பியூனிடம் சாவி வாங்கி வடிவை லேபுக்குக் கூட்டிப்போனேன். சிற்றலைத் தொட்டி, கண்ணாடி அடித்தட்டு, மேலே விளக்கு, கீழே வெள்ளைத் தாளில் அலையின் நிழல். ஊசியைத் தொட்டுக் காட்டினேன், புள்ளி மூலம் என்றேன், கிரீன் என்றேன். “பச்சையா? வேற கலரு இல்லையா?” என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள், நான் முறைத்தேன். பிறகு மோதிர விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டாள். ஒரே ஒரு தொடல். வளையம் கிளம்பிப் போயிற்று, நாலு சுவரிலும் முட்டிற்று, திரும்பிற்று. “கரைக்குப் போனது திரும்பி வருது அத்தான்” என்றாள். தாளில் அவள் விரல் நிழல், அதைச் சுற்றிச் சுற்றி நடுங்குகிற கோடுகள், அவள் கையை எடுத்த பிறகும் தண்ணீர் அடங்கவில்லை. தண்ணீர் மேல் அலை அப்படித்தான், காற்றில் போகிற ஒற்றைத் தட்டு மாதிரிச் சுருக்கமாகக் கடந்துபோய்விடாது, அலையின் முன்பக்கம் கடந்துபோன பிறகும் வால் ஒன்று கிடந்து ஆடிக்கொண்டே இருக்கும், குறையும், முழுக்க முடியாது. அதே சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் உண்டு, காலம் பின்னோக்கி ஓடுகிற விடை, எல்லாச் சுவர்களிலிருந்தும் வளையங்கள் புறப்பட்டுச் சுருங்கிச் சுருங்கி விரல் நுனிக்கு வந்து சேர்ந்து, விரலைத் தூக்கிவிட்டு, தண்ணீர் கண்ணாடியாக நின்றுவிடும். அதையும் பலகையில் எழுதிவிட்டுக் குறுக்கே கோடு போட்டு அடிப்பேன். நடக்காதுடா, தட்டுக்கு முன்னால பதில் வராது, தள்ளு அதை. எத்தனை தடவை அடித்திருப்பேன், ஒரு தடவைகூட வலித்ததில்லை. இப்போது யாராவது அந்தக் கோட்டை அழித்துத் தந்தால் தேவலை.

செல்போன் மடியில் உறுமுகிறது. மங்கை. பெர்த்தில் இருக்கிறாள், ஒரே மகள், அங்கே சாயங்காலம் இருக்கும். சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன், உறுமல் மட்டும். நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசலாம், ஆனால் எழுந்தால் வடிவின் மூச்சு கேட்காதே, அதனால் எல்லாப் பேச்சும் இங்கேயேதான், வாயைக் கையால் மூடிக்கொண்டு, குசுகுசுவென்று. “அப்பா, என்னப்பா, எப்படி இருக்காங்க?” “தூங்குதா.” “சாப்பிட்டாங்களா?” “நாலு வாய்.” “டாக்டர்?” “வயித்துல நீர் கோத்திருச்சாம். இனி எடுத்தாலும் நிக்காதாம்.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், கடல் தாண்டி. “டிக்கெட் போட்டுட்டேன்ப்பா. நாளன்னைக்கி ராத்திரி திருவனந்தபுரம், அங்கேயிருந்து கார். திடீர்னு ஏன் வந்தேன்னு அம்மா கேட்டா என்ன சொல்லட்டும்?” “உனக்கு அங்க மழ ஒத்துக்கலைன்னு சொல்லு.” “அப்பா!” “சரி, நான் பாத்துக்கிடுதேன், நல்லதா ஒண்ணு யோசிச்சு வைக்கேன்.” “அம்மாவுக்குத் தெரியாதுல்ல?” “தெரியாது, கொஞ்சம்கூடத் தெரியாது. நான் இருக்கேம்லா.” “எவ்வளவு நாள்னு...” “மங்கை, அதக் கேக்காத.” வைத்துவிட்டேன். உள்ளே மோதிரம் கம்பியில் ‘ணிங்’ என்றது. மூச்சு ஒரு கணம் நின்றது, பிறகு வந்தது. நின்றதா? நின்றது மாதிரி. என் மூச்சாக இருக்கும். பிடித்துக்கொண்டிருந்தது நானாக இருக்கும்.

கேட்கிறதே, எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. சபாஷ் குற்றாலிங்கம், நல்ல இடம் பார்த்தாய். மோதிரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தொடல், புள்ளி மூலம், சுத்தமான தட்டு, நடையைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டி, சுவர் குவித்து, இந்தக் காதில். கடைசி பெஞ்சில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான், நாங்குநேரிப் பையன், பெயர் மறந்துபோயிற்று, எப்போதும் கோணலாகக் கேட்பான். சார், மூலத்தையும் கேக்குற ஆளையும் எடம் மாத்திட்டா? அதற்காகவே காத்திருந்த மாதிரி நான் துள்ளுவேன். மாத்து! பயப்படாம மாத்து! ஒண்ணும் மாறாது. இங்க தட்டி அங்க கேட்டாலும் அதே, அங்க தட்டி இங்க கேட்டாலும் அதே, நடுவுல சொவரு என்ன கோணல்ல வேணா இருக்கட்டும், மேசை கிடக்கட்டும், தூண் கிடக்கட்டும், சார்புக்கு அது பத்தி அக்கறை இல்ல, இரண்டு புள்ளியும் அதுக்குச் சமம். இதில் மாணவர்களிடம் காபி பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். ஆடிட்டோரியத்தில் ஒரு மூலையில் ஒருத்தனை நிறுத்தி, இன்னொரு மூலையில் ஒருத்தனை நிறுத்தி, இவன் குசுகுசுத்தது அவனுக்குக் கேட்டால் அவன் குசுகுசுத்தது இவனுக்கும். மாறவே மாறாது. எப்போதும் ஜெயிப்பேன். அதே. அங்கே தட்டினால் இங்கே. இங்கே தட்டினால். இல்லை, நான் பார்த்துவிட்டேனே, சோதனை பண்ணிவிட்டேனே, முதல் நாளே பண்ணினேன், எஸ்தரை உள்ளறையில் நிறுத்திவிட்டு இங்கே உட்கார்ந்து பேசினேன், கத்தரிக்காய் விலை, தேர்தல் என்று வாயில் வந்ததெல்லாம் குசுகுசுத்தேன், பிறகு சத்தமாகக் கேட்டுச்சா புள்ள என்றேன், ஒண்ணுமே கேக்கலை சார் என்றாள். எங்கே நின்றாள்? கதவுக்குள்ளே. கதவுக்குள்ளே எங்கே? நிலைப்படியில், கையில் விளக்குமாற்றோடு. தலையணையில் இல்லை. டைம்பீஸ் இருந்த இடத்தில் அவள் காது இல்லை. அரை அடி தள்ளினால் ஒன்றும் கேட்காது என்று நாற்காலியோடு நகர்ந்து நகர்ந்து கண்டுபிடித்த கிழவன், ஆளைக் கொண்டுபோய் நிலைப்படியில் நிறுத்தி, கேட்கவில்லை என்றதும் திருப்தியாகக் கையைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கே நின்று கேட்கிறாய் என்று சொல்லாமல் விடை கேட்டவனையெல்லாம் வெளியே அனுப்பினேனே. அந்தத் தலையணையில் அவள் காது இருக்கிறது. ராவும் பகலும் இருக்கிறது. வேறு எங்கேயும் அதனால் போக முடியாது.

பொறு. பொறு, ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்குத் தெரியாதா, காற்று ஓடினால் அந்தச் சமத்துவம் கெடும், ஊடகமே ஒரு பக்கமாக நகர்ந்தால் போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றில்லை, அதை எழுதாதவனுக்கு மார்க் குறைப்பேன். நடையில் சீலிங் காத்தாடி ஓடுகிறது. ஓடுகிறதே, கடகடவென்று, அது போதும், அது கெடுத்துவிடும், இந்தப் பக்கம் வருவது வரும், அந்தப் பக்கம் போவது போகாது. குற்றாலிங்கம், நாற்பது ரூபாய்க்கு ரிப்பேர் பார்த்த காத்தாடி. அது எழுப்புகிற காற்றில் காலண்டர் தாள்கூட ஆடவில்லை. சத்தத்தின் வேகத்துக்கு முன்னால் அது என்ன காற்று, எறும்பு விட்ட பெருமூச்சு. ஒரு முதலாண்டுப் பையன்கூட இதைச் சொல்லிச் சமாளிக்க மாட்டான். போன வெள்ளிக்கிழமை மங்கையிடம் சொன்னேன், நேத்து ராத்திரியும் ஒண்ணும் இறங்கலை, கண் கொண்டு பாக்க முடியலை என்று. அன்றைக்குச் சாயங்காலம் வடிவு இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், மூன்றாவதும் கேட்டாள், பிறகு குளியலறையில் அத்தனையையும் வாந்தியெடுத்தாள், “ஆசைப்பட்டுட்டேன் அத்தான், வயிறுதான் சொன்னபடி கேக்க மாட்டேங்கு” என்றாள். நான் பசி திரும்பிவிட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நாற்காலியில் உட்கார முடியவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை, மங்கையிடம்தான் புலம்பினேன், மறுநாள் வடிவு எஸ்தரிடம், அத்தான் நாக்காலிக்கு அந்தப் பழைய மெத்தையை மடிச்சுப் போடு என்றாள். இப்போதும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஐயோ. இதன்மேல் உட்கார்ந்துகொண்டு.

அப்புறம் அந்தப் புடவை. அதை நினைக்க வேண்டாம். சிவப்பணு பரேடு, லெப்ட் ரைட், அதை நினை, தைப்பூசம், குறுக்குத்துறை, படித்துறையில் ஈரக்கால் தடம். இல்லை, அங்கேதான் போகிறது, சுவரில் முட்டி முட்டி அங்கேயே வருகிறது. மங்கைதான் கேட்டாள், அழுதுகொண்டே, வேறு யார் கேட்பார்கள். “அப்பா, கோவிச்சுக்காதீங்க, அம்மாவ... அன்னைக்கி... அந்த மாம்பழக் கலர் பட்டுதானே கட்டணும், அதுதானே அம்மாவுக்குப் பிடிக்கும், நான் அதுக்கு ரவிக்கை கொண்டு வரட்டுமா?” எனக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததும் நாக்கு நிஜம் பேசிவிட்டது. “மாம்பழக் கலரு அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது, உன் மாமியா எடுத்துக் கொடுத்தான்னு கட்டிக்கிட்டா. அவளுக்கு மயில்கழுத்துதான். பீரோல கீழ்த்தட்டுல இருக்கு. சுமங்கலியாப் போறவ, அவளுக்குப் பிடிச்சதுலதான் போகணும்.” இதே நாற்காலி. இதே வாய். வாயை மூடின இதே கை. மறுநாள் காலை எஸ்தர் கொடியில் அந்த மயில்கழுத்துப் பட்டை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. நான் பதறி ஓடினேன், யார் எடுக்கச் சொன்னா என்றேன். “அம்மாதான் சார். கீழ்த்தட்டுல கெடக்கு, பூச்சி அரிச்சிரும், காத்தாட விட்டு மேலாக்க எடுத்து வையின்னாங்க. கைக்கு எட்டுற மாதிரி வைக்கணுமாம், சாருக்குக் குனிஞ்சா இடுப்பு பிடிக்கும்னாங்க.” நான் என்ன செய்தேன்? சந்தோஷப்பட்டேன். கட்டிக்கொள்ள ஆசை வந்துவிட்டது, பொம்பிளைக்குப் புடவை ஞாபகம் வந்தால் நல்ல குறி என்று டாக்டரிடமே போய்ச் சொன்னேன். அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். மேல்தட்டு. என் கைக்கு எட்டுகிற உயரம். அறைக்கு வெளியே ஒரு பொய் மூலத்தை வைத்து, உள்ளே அவள் இருக்கிற இடத்தை நேராக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். உள்ளே இருந்தது நான். நான் நம்ப வேண்டுமென்று அவள் நம்புகிற மாதிரி இருந்தாள், பொறவு பொறவு என்று கேட்டுக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தடவிக்கொண்டு.

கரண்ட் போய்விட்டது. காத்தாடி இரண்டு சுற்று தானாகச் சுற்றிவிட்டு நின்றது. பிரிஜ் முனகி அடங்கிற்று. தெரு முழுக்க ஒரே மாதிரி அமைதி, யாரோ வீட்டில் யாரோ ‘போச்சா’ என்றது கேட்டது, அதுவும் போயிற்று. இப்போது விதிவிலக்கு கிடையாது, காற்று நின்றுவிட்டது, அவள் புள்ளியும் என் புள்ளியும் மட்டும். மூச்சு வருகிறது. அது தூங்குகிற மூச்சில்லை. தூங்குகிற மூச்சு எனக்குத் தெரியாதா. இது கேட்டுக்கொண்டிருக்கிற மூச்சு. நாற்காலியை நகர்த்திவிடலாம், அரை அடி போதும், அவளுக்குக் கேட்காது. எனக்கும் கேட்காது. எழுந்து உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்து உனக்குத் தெரியுமா என்று கேட்கலாம், அவள் என்ன தெரியும் அத்தான் என்பாள், நான் ஒன்றுமில்லை என்பேன், முகத்துக்கு நேராக நாங்கள் இரண்டு பேரும் பொய்தான் சொல்லுவோம், பழகிவிட்டது. மங்கை வந்துவிட்டால் இந்த ஹாலில் ஆள் நடமாட்டம், பெட்டி, அழுகை. செல்போனை எடுத்தேன். யாரையும் கூப்பிடவில்லை, திரை கறுப்பாகவே இருந்தது, சும்மா காதில் வைத்துக்கொண்டேன். கை தானாக வாயை மூட வந்தது, அதை எடுத்து மடியில் போட்டேன்.

“மங்கை, நான்தான். அம்மா தூங்குதா. ஒண்ணு சொல்லுதேன், அவட்ட சொல்லிராத.” குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக. “டாக்டரு கை தட்டினாருன்னு அவட்ட சொன்னேன், அது பொய்யி. அவரு போன வாரமே வாசக் கேட்டப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. மழைக்குள்ளன்னாரு. நான் தலைய ஆட்டிட்டேன், வாத்தியாருலா, புரிஞ்ச மாதிரி ஆட்டிட்டேன். ஒண்ணும் புரியலைட்டி. எனக்குப் பயமா இருக்கு. அவளுக்கு வலிக்குமோன்னு பயமா இருக்கு. வலி நின்னுட்டா அத விடப் பயமா இருக்கு. இந்த வீட்டுல நான் எவட்டப் போயி பொய் சொல்லுவேன், சொல்லு. வேற எவ கேப்பா? மீனு வந்துச்சின்னா மத்தவ சிரிப்பா. அவ சிரிக்க மாட்டா. அவ...” செத்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லை, பதில் எப்படி இருக்கும், தட்டு போய்ச் சேர வேண்டும், நடையைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டி. மோதிரம் கம்பியில் பட்டது. புரண்டு இடித்த சத்தமில்லை. ஒரே ஒரு தட்டு, வேண்டுமென்றே, விரலை மடக்கித் தட்டின மாதிரி. பிறகு என் காதுமடலுக்கு உள்ளே, எஸ்தர் நிலைப்படியில் நின்றிருந்தால்கூடக் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாக, வடிவு கேட்டாள்:

“பொறவு?”

பொறவு என்ன. கரண்ட் வந்தது, காபி போட்டேன், கொண்டுபோய் நேரில் உட்கார்ந்து டாக்டர் செல்வின் தைப்பூசத்துக்குத் தன் காரையே அனுப்புவதாகச் சொன்னார் என்றேன், நடக்கச் சொன்னவரு காரு எதுக்கு அனுப்புதாரு என்று கேட்டாள், நான் திணறினேன், அவள் டம்ளருக்குப் பின்னால் சிரித்தாள். அதெல்லாம் அங்கே. நாற்காலிக்குத் திரும்பி வந்தால் இங்கே வேறு பேச்சு, செத்த போனில் நிஜம் மட்டும். சத்தியம் பண்ணித்தான் ஆரம்பித்தேன், இதுவரை கேட்டுக்கொண்டிருந்த நீ நம்ப மாட்டாய், நம்ப வேண்டாம். எவரிடமாவது சொல்லத்தான் போகிறாய், சொல்லிக்கொள். ஆனால் எவர் வாயிலிருந்து வந்தது என்று கேட்டால் என் பெயரை மட்டும் எடுத்துவிடாதே, மங்கை நாளன்னைக்கு வருகிறாள், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடே அந்தப் பிள்ளை வந்து இறங்கட்டும். ரொம்ப நெருக்கினால் பாளையங்கோட்டையில் ஒரு கோணல் சுவர் சொன்னது என்று சொல். இப்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசு. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.